உறையவும் வேண்டும், உறையவும் கூடாது

கல்லீரல் மாற்று ஒருங்கிணைப்பாளர் என்றால் அறுக்கிறவரும் இல்லை, தைக்கிறவரும் இல்லை. உள்ளே அறுக்கிறவருக்கும் வெளியே உட்கார்ந்து அழுகிறவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிறவர். புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் பார்ப்பது அந்த வேலைதான். பேர் நூர்ஜஹான். முன்னே ஐ.சி.யூ. நர்ஸாக இருந்தேன். அப்போது நோயாளிகள் திட்டுவார்கள், அதிலும் பாதிப் பேர் மயக்கத்தில் இருப்பார்கள். இப்போது முழு நினைவோடு இருக்கிற சொந்தக்காரர்கள் திட்டுகிறார்கள். இதற்குப் பதவி உயர்வு என்று பேர். மாமியாருக்கும் புருஷனுக்கும் நடுவில், முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பெரிய தொல்லை ரத்தம் உறைவது. உறைய வைக்கிற சாமான்களையும் கல்லீரல்தான் செய்கிறது. கண்ட இடத்தில் உறையாமல் தடுக்கிற சாமான்களையும் அதுவேதான் செய்கிறது. கல்லீரல் கெட்டால் இரண்டுக்கும் தட்டுப்பாடு. அந்த ரத்தம் மதில் மேல் பூனை. ஒன்று, நிற்காமல் கசியும். இல்லையென்றால் கூடாத இடத்தில் கட்டியாகி உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பக்கம் குதிக்கும் என்று டாக்டருக்கே தெரியாது. ஆனால் கேள்வி என்னிடம்தான் வரும். தேங்காய்த்திட்டு தனுசுவின் குடும்பம் கேட்ட மாதிரி என்னை வேறு யாரும் கேட்டதில்லை.

வெற்றிலை

தனுசு தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்தில் ஏலம் கூவுகிறவர். முதல் தடவை என் அறைக்கு வந்தபோது கண் இரண்டும் மஞ்சள், வயிறு நீர் கோத்து முன்னால் நின்றது, வாய் மட்டும் செக்கச் செவேல் என்றிருந்தது. கூடவே மனைவி அமுதா. துறைமுகத்தில் மீன் எடுத்து முத்தியால்பேட்டைத் தெருக்களில் கூடையில் விற்கிறவர். எங்கள் தெருவுக்கும் வருவார், எங்கள் அம்மாவோடு வஞ்சிரத்துக்குச் சண்டை போடுகிறவர் அவர்தான் என்பது பேச்சுக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

குடிப்பாரா என்று கேட்டேன். தொட்டதே இல்லை என்றார் அமுதாக்கா. நிஜம்தான். எப்போதோ தொற்றிய மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி, சத்தம் போடாமல் கல்லீரலைத் தின்றிருக்கிறது. ஆனால் புதுச்சேரிக்காரருக்குக் குடிக்காமலே கல்லீரல் போயிற்று என்றால் வெளியூரில் ஒருத்தர்கூட நம்பமாட்டார்கள், நாமும் என்னதான் செய்வது! சரி, இனிமேல் வெற்றிலை போடாதீர்கள் என்றேன். அமுதாக்கா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். வெற்றிலை அவர் பழக்கமே இல்லையாம், கொஞ்ச மாதமாகத்தான் போடுகிறாராம்.

துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பல் ஈறில் ரத்தம் கசிந்து நிற்கவில்லை. துப்பினால் சிவப்பாகத் தெரிகிறது. அது தெரியாமல் இருக்க மனுஷன் வெற்றிலை பழகியிருக்கிறார்! பெண்டாட்டிக்கே தெரியாது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டாக்டரிடம் காட்ட வேண்டியதை இப்படியா மூடி மறைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஏலம் கூவுறவன் சீக்காளின்னு தெரிஞ்சா, துள்ளுற மீனும் அழுவுன மீனு வெலைக்குத்தான் போவும் மேடம்."

அது மாத்திரையா?

மகன் சரவணன் தன் கல்லீரலில் ஒரு பெரிய பங்கை அப்பாவுக்குக் கொடுப்பது என்று முடிவானது. ஒரே பிள்ளை, படகில் போகிறவன், இரண்டு பேருக்கும் ஒரே ரத்த வகை. கொடுத்தவருக்கு மிச்சம் இருப்பது திரும்ப வளர்ந்துவிடும், அதுவரை கொஞ்சம் பத்திரமாக இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் சேர்க்க வேண்டியிருந்தது. முக்கியமாகப் பிளேட்லெட், காயம் பட்டால் முதலில் ஓடிப்போய் ஒன்றோடொன்று ஒட்டி அடைக்கிற அணு. தனுசுவுக்கு அது ரொம்பக் குறைவு.

மீனவ ஊரில் ஒரு வீட்டில் உயிர்ப் பிரச்சினை என்றால் பஞ்சாயத்தார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்று எந்தப் படகும் கடலுக்குப் போகாது. இரண்டு லோடு ஆட்டோ நிறைய வந்து இறங்கினார்கள். எங்கள் ரத்த வங்கியில் லூர்து அண்ணன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், வாயைத் திறந்தாலே 'அலோர்' என்றுதான் ஆரம்பிப்பார். நம் 'அப்படின்னா' மாதிரி. அவர் ஒவ்வொருவரிடமும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. சுகர் இல்லை, பிரஷர் இல்லை. தங்கமான உடம்பு என்று அவருக்கு ஒரே சந்தோஷம். முதல் ஆளாக ஏழுமலை படுத்தார். சரவணன் போகிற படகை ஓட்டுகிறவர். பிளேட்லெட் எடுக்கிற மிஷினில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்கணும் என்று சொன்னதுதான் தாமதம், சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, இரண்டைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு, குடிக்க லூர்து அண்ணனிடமே தண்ணீர் கேட்டார்.

உடம்பு வலி மாத்திரை. ஆஸ்பிரின் சேர்ந்தது. அது உள்ளே போய்விட்டால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. எடுத்து இன்னொருவருக்கு ஏற்றினாலும் பிரயோஜனம் இல்லை. விசாரித்தால் வந்தவர்கள் அத்தனை பேரும் தினம் போடுகிறார்கள். லூர்து அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாத்திரையே சாப்பிடுவதில்லை என்று சொன்னீர்களே என்று நான் ஏழுமலையிடம் கத்தினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அது மாத்திரையா மேடம்? வலை இழுக்குறவனுக்கு அது டீத்தண்ணி."

ஊர்க் கட்டுப்பாடு

மூன்று நாள் அதைத் தொடாமல் இருந்தால் எடுக்கலாம் என்றார் லூர்து அண்ணன். நடக்கிற காரியமா என்று நான் நினைத்தேன். பஞ்சாயத்தார் அன்று சாயந்திரமே கூடி, கோயில் மைக்கில் கட்டுப்பாடு அறிவித்துவிட்டார்கள். அந்த ரத்த வகைக்காரர்கள் எவரும் மூன்று நாளைக்கு வலி மாத்திரை போடக் கூடாது. மீறினால் திருவிழாவில் தேர் வடத்தைத் தொட விடமாட்டார்கள். மெடிக்கல் கடைக்காரருக்கும் தனியாகச் சொல்லியாகிவிட்டது.

கட்டுப்பாடு முடிந்து அவர்கள் வந்து இறங்கிய கோலத்தைப் பார்க்க வேண்டுமே! இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர், தோளைத் தூக்க முடியாமல் ஒருத்தர். ஏழுமலை படிக்கட்டுப் பக்கம் போகாமல் லிஃப்டுக்கு நின்றார். இத்தனை நாள் அந்த அட்டை மறைத்து வைத்திருந்த வலி எல்லாம் மொத்தமாக வெளியே வந்திருந்தது. ஆனாலும் ஒருவரும் கட்டுப்பாட்டை மீறவில்லை. அவர்கள் கொடுத்த பிளேட்லெட் பைகள் மிஷின் தட்டில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. ஆடாமல் வைத்தால் கெட்டுவிடும், ஆட்டினாலும் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது. லூர்து அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அலோர் நூரு, நோன்பு உங்க ஊட்ல மட்டும் இல்ல, கடக்கரையிலயும் வெக்கிறாங்க."

ஐஸ் மீன்

ஆபரேஷன் அன்று காலையில் அமுதாக்கா மகனை ஒரு கதவுக்குள்ளும் புருஷனை இன்னொரு கதவுக்குள்ளும் அனுப்பிவிட்டு, நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. அழவும் இல்லை. வேலை இல்லாத கை ஒரு இடத்தில் இருக்காது போல. பக்கத்தில் இருந்தவர்களின் பைகளை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் உள்ளே இருந்து செய்தி வந்தது. பழைய கல்லீரலை எடுக்கிற இடமெல்லாம் ரத்தம் கசிகிறது, உறையவில்லை, உறைய வைக்கிற சாமான் இருக்கிற பிளாஸ்மா சீக்கிரம் வேண்டும். ரத்த வங்கிக்கு ஓடினேன். பிளாஸ்மா உறைநிலையில்தான் இருக்கும்; வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இளக்க வேண்டும், அவசரத்துக்கு அது மசியாது. திரும்பி வந்தபோது அமுதாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன தாமதம் என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன்: தனுசு அண்ணனுக்கு ரத்தம் உறையவில்லை, உறைய வைக்கிற சரக்கு ஐஸாக இருக்கிறது, இளகிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பிடிபட்டது முகத்தில் தெரிந்தது.

"ஐஸ் மீனு மாதிரிதானே? அவசரத்துக்குச் சுடுதண்ணிய ஊத்திடப் போறாங்க, சதை உட்டுடும்னு போய்ச் சொல்லு."

ஒரு முடிவுக்கு வாங்க

மகனின் கல்லீரல் உள்ளே போய் வேலை செய்ய ஆரம்பித்ததும் கசிவு தானாகவே அடங்கியது. சர்ஜன் வெளியே வந்து, "ரத்தம் உறையுது, இனிமே பயமில்ல" என்றார். அமுதாக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். அவர்கள் கொடுத்த பிளேட்லெட்டில் முக்கால்வாசி தொடப்படவே இல்லை. தேவைக்கு மேல் ஏற்றினால் பிறகு எக்குத்தப்பாக உறையும் என்று சர்ஜன் நிறுத்திவிட்டார். பட்ட வலி எல்லாம் தட்டில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் தனுசுவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். புதுக் கல்லீரலுக்குப் போகிற ரத்தக் குழாய் நூடுல்ஸ் கனம்தான் இருக்கும். அதை முடி போன்ற நூலால் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு சின்னக் கட்டி உட்கார்ந்தாலும் கல்லீரல் செத்துவிடும். மகன் கொடுத்தது வீண், அடுத்ததற்கு ஆள் இல்லை. அதனால் காலையும் மாலையும் கட்டில் அருகிலேயே டாப்ளர் என்ற ஸ்கேன் பெட்டியை வைத்துப் பார்ப்பார்கள். குழாயில் ரத்தம் ஓடினால் பெட்டியில் 'ஷ்ஷூ, ஷ்ஷூ' என்று சத்தம் வரும். இதை எல்லாம் நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அமுதாக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார். வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுகிற நிற்பு.

"நேத்து பூரா உறையல உறையலன்னு ஊரையே ரத்தம் கேட்டீங்க. இன்னைக்கு உறையவே கூடாதுன்னு ஊசி போடுறீங்க. இன்னா நூரு, எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

இரண்டு கதவு

மூன்றாம் நாள் காலை. ஐ.சி.யூ. கதவுக் கண்ணாடி அருகே நின்று டாப்ளர் சத்தத்தைக் கேட்பது அமுதாக்காவுக்குப் பழக்கமாகியிருந்தது. அன்று சத்தம் வரவில்லை. டாக்டர் கருவியை இப்படி வைத்தார், அப்படி வைத்தார், இன்னும் கொஞ்சம் ஜெல் தடவினார். ஒன்றும் இல்லை. "பொட்டி ரிப்பேரா?" என்று அமுதாக்கா என்னைக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. இல்லை அக்கா, குழாயில் உறைந்துவிட்டது, உடனே திறந்து எடுக்க வேண்டும் என்றேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

தனுசுவைத் தள்ளிக்கொண்டு மேல்மாடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்க்கொண்டிருந்தோம், அமுதாக்காவும் கூடவே வந்தார். என் போன் அடித்தது. கீழே வார்டில் சரவணன். நேற்று வரை நன்றாகத் தேறிக்கொண்டிருந்த பிள்ளை. வயிற்றில் வைத்திருக்கிற வடிகால் குழாயில் ரத்தம் கொட்டுகிறது, பிரஷர் இறங்குகிறது. யா அல்லாஹ், அப்பனுக்கு உறைந்துவிட்டது என்று இப்போதுதான் சொன்னேன், மகனுக்கு உறையவில்லை என்று அதே பொம்பளையிடம் நானே எப்படிச் சொல்வது? வேறு யார் சொல்வார்கள்? சொன்னேன். அமுதாக்கா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். எந்தக் கதவுக்குப் போவார்? அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நீ மேல போய் அவரு கதவாண்ட உக்காரு நூரு. மவன்கிட்ட நான் போறேன். சத்தம் வந்தா என்னைக் கூப்புடு."

வலி தெரிந்தவன்

பிறகு நடந்ததை லூர்து அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சரவணனின் தலையணைக்கு அடியில் அந்த அட்டை இருந்தது. அதே வலி மாத்திரை. முதல் நாளில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியிருக்கிறான். பாதிக்கு மேல் கல்லீரலை வெட்டிக் கொடுத்தவனுக்கு ரத்தம் உறைவதே தடுமாற்றம்; அதன் மேல் ஆஸ்பிரின். அவனுடைய சொந்த பிளேட்லெட்டுகள் ஒட்ட மறுத்துவிட்டன. ஒட்டுகிற பிளேட்லெட் உடனே வேண்டும். அந்த நேரத்தில் எங்கே போவது? எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஊர் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்து வைத்தது தட்டில் ஆடிக்கொண்டிருந்தது; நாள் இன்னும் தாண்டவில்லை. லூர்து அண்ணன் பைகளைத் தூக்கிக்கொண்டு படியிலேயே ஓடினார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவு குறைந்தது. சரவணனை மறுபடி திறக்க வேண்டி வரவில்லை. நான் கீழே இறங்கி வந்தபோது வார்டுக்கு வெளியே ஏழுமலை சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அட்டை கொடுத்தவர் அவர்தான். ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது எனக்கு. கட்டுப்பாட்டில் ஒழுங்காக இருந்து முடித்த ஆள், அறிவு எங்கே போயிற்று என்று கேட்டேன். நர்ஸ் கொடுக்கிற வலி மருந்தை ஏன் கேட்டு வாங்கவில்லை என்று கேட்டேன். அவர் திரும்பினார். முகமெல்லாம் கண்ணீர்.

"அவன் முனகுனான் மேடம். மூணு நாளு அது இல்லாம கெடந்தவன் நானு, அந்த வலி எனக்குத் தெரியும். பாத்துக்கினு சும்மா நிக்க முடியல."

சத்தம்

மேலே தியேட்டரில் குழாயைத் திறந்து, கட்டியை எடுத்து, ஒட்டை மறுபடி போட்டார்கள். சர்ஜன் வெளியே வந்து, இப்போதைக்கு ஓடுகிறது, இரண்டு மூன்று நாள் போகட்டும் என்று மட்டும் சொன்னார். முந்தின தடவை மாதிரி பயமில்லை என்று சொல்லவில்லை. மருந்தின் அளவை மணிக்கு மணி பார்த்து ஏற்றி இறக்கினார்கள். கூடினால் கசியும், குறைந்தால் அடைக்கும்.

சாயந்திரம் டாப்ளர் பெட்டி வந்ததும் அமுதாக்காவைக் கூப்பிட்டேன். மகனின் நெற்றியைத் தடவிவிட்டு மாடி ஏறி வந்தார். கண்ணாடியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். 'ஷ்ஷூ, ஷ்ஷூ' என்று வந்தது. ஆபரேஷன் அன்று அழாதவர், குழாயில் கட்டி என்றபோதும் அழாதவர், அந்தச் சத்தத்துக்குத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். யூனிஃபார்மோடு தரையில் உட்காரக் கூடாது என்று எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு விதி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

"அந்தப் பொட்டிய இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கச் சொல்லு நூரு. கேட்டுட்டுப் போறேன்."

வீட்டுக்குப் போகிற நாள்

மகன் முதலில் போனான், அப்பா சில வாரம் கழித்து. தனுசுவை அழைத்துப்போக ஊரே வருகிறேன் என்றது. கூட்டம் ஆகாது என்று ஏழுமலையை மட்டும் அனுமதித்தோம். தனுசுவின் கண்ணில் மஞ்சள் இல்லை. முகக்கவசத்தை ஒரு நொடி இறக்கிச் சிரித்துக் காட்டினார். பல் வெள்ளையாக இருந்தது. முகக்கவசத்தோடு எப்படி ஏலம் கூவுவது என்பதுதான் அவர் கவலை. அதற்கு இன்னும் பல மாதம் இருக்கிறது என்றேன்.

மருந்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு பொடி மாத்திரை. குழாய் மறுபடி அடைக்காமல் இருக்க தினம் ஒன்று. என்ன மாத்திரை என்று அமுதாக்கா கேட்டார். பேரைச் சொல்லாமல் மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை, ஆஸ்பிரின் என்றேன். அமுதாக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அதைத் தின்றுதானே என் பிள்ளை சாகப் பார்த்தான், அதற்குத்தானே ஊர்க் கட்டுப்பாடு போட வைத்தீர்கள் என்று பிடித்துக்கொண்டார். இது சின்ன அளவு, இவருக்கு மட்டும், டாக்டர் பார்த்துக் கொடுக்கிறது என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஏழுமலையின் முகம் மெதுவாக மலர்வதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களா மேடம், கடைசியில எங்க ஆளுக்கும் டீத்தண்ணி ஊத்திட்டீங்க."

ரத்தம் எப்போது நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது டாக்டர் வேலை, அந்த முடிவு மாறும்போதெல்லாம் நின்று பதில் சொல்வது என் வேலை, வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வஞ்சிரம் கொண்டு வந்து, உறையணுமா கூடாதா என்ற அதே கேள்வியை முதலில் இருந்து கேட்பது அமுதாக்காவின் வேலை.